அபூ தைசீர் முடுக்கிய குழாய்

“பிளம்பரைக் கூப்பிடலாமா பாபா?” என்று மகள் லமீஸ் கேட்டதுதான் தாமதம், அபூ தைசீர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“பிளம்பரா? என் வீட்டுக்கா? நான் மௌத்தான பிறகு கூப்பிடு. அப்பவும் வாசல்ல நின்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போகச் சொல்லு.”

குளியலறைச் சுவரிலிருந்த பித்தளைக் குழாய் இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் தீர்ந்தது. புதுக் குழாயைக்கூட லமீஸே வாங்கி வைத்திருந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் பெண். எதையும் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துப் பழகிய கை.

“சும்மா கேட்டேன் பாபா. தண்ணி தரையில இறங்கி கீழ் வீட்டு சீலிங்ல ஊறிச்சுன்னா, அபூ முஹன்னத் மாமா மேல ஏறி வந்துருவாரேன்னு பார்த்தேன்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அபூ தைசீரின் மீசை தானாக ஒரு பக்கம் ஏறியது.

அம்மான் நகரத்தில், ஜபல் தாஜ் மேட்டில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் தண்ணீர் வரும். அதை மொட்டை மாடியில் வீட்டுக்கு ஒரு தொட்டியில் பிடித்து வாரம் முழுக்க ஓட்டவேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கீழ் வீட்டு அபூ முஹன்னத் மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் தன் தொட்டிக்கு உறிஞ்சிவிட்டார். அந்த நேரம் பார்த்து அபூ தைசீர் தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றுகொண்டிருந்தார். மனைவி உம்மு தைசீர் வேறு வழியில்லாமல், ஆறிப்போயிருந்த புதினா டீயை அவர் தலையில் ஊற்றித்தான் ஜும்ஆ தொழுகைக்கு அனுப்பிவைத்தாள். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்து சலாம் சொன்ன கையோடு, “சர்க்கரை போட்டதா, போடாததா?” என்று கேட்டாராம்.

அன்றைக்குச் செய்த சத்தியம் அது. அபூ முஹன்னத்தின் நிழல்கூட இந்த வாசல்படியைத் தாண்டக்கூடாது. மூன்று வருடமாக இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பெருநாள் வாழ்த்துகூட எதிர்வீட்டுக் கசாப்புக்காரர் ஜவ்தத் மூலமாகத்தான் போய்வரும்.

ஆனால் நம் வீட்டுத் தண்ணீர் அவன் வீட்டுக் கூரையில் சொட்டிவிட்டால் கதை வேறு. நியாயம் அவன் பக்கம் போய்விடும். அவன் வந்து கதவைத் தட்டுவான், திறக்கத்தான் வேண்டும். உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, அவன் சொல்வதைத் தலைகுனிந்து கேட்கவேண்டும். அதற்கு அந்தக் குழாயை விழுங்கிவிடலாம் என்று அபூ தைசீருக்குத் தோன்றியது.

“அஸர் தொழுகைக்குள்ள முடிச்சுடறேன். அந்த ஸ்பேனரை எடு.”

“முதல்ல மாடிக்குப் போய் நம்ம தொட்டி வால்வை மூடுங்க” என்றாள் உம்மு தைசீர்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவன் நாற்காலி போட்டுத் தன் தொட்டிக்குக் காவல் உட்கார்ந்திருப்பான். அவன் மூஞ்சியில முழிக்கச் சொல்றியா?”

“அப்ப குழாயைக் கழட்டினதும் தண்ணி பீச்சி அடிக்குமே?”

“கட்டைவிரலை வச்சு அடைச்சுப்பேன். இன்னொரு கையால புதுக் குழாயை மாட்டுவேன். ரெண்டு கை எதுக்குக் குடுத்திருக்கான் இறைவன்?”

அவர் ஸ்பேனரைப் பிடித்துத் திருகினார். குழாய் அசையவில்லை. கால் ஊன்றித் திருகினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி, கண்ணை மூடித் திருகியதில் அவருடைய இடுப்பு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியது.

அவர் கோபப்படவில்லை. ஒரு எட்டு பின்னால் வந்து நின்று குழாயை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வியப்பு படர்ந்தது.

“உம்மு தைசீர், இந்தக் குழாயை மாட்டினது யாரு?”

“நீங்கதான். நம்ம பையன் தைசீர் குவைத்துக்குப் போன வருஷம்.”

“நானேதான்! இந்தக் கையாலதான்!” அவர் தன் வலது கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதங்களுக்கு முத்திரை குத்திய கை. “நான் அன்னைக்கு லேசா முடுக்கினதாத்தான் ஞாபகம். சுபஹானல்லா, லேசா முடுக்கினதுக்கே இந்தக் கதி!”

“சரி, முடுக்கின கைதானே, கழட்டச் சொல்லுங்க.”

“அது எப்படி முடியும்? அன்னைக்கு இருந்த பலம் வேற. என்னை நானே ஜெயிக்கிறது லேசுப்பட்ட காரியமா?”

அடுத்தது ஆலிவ் எண்ணெய். அந்த ஊரில் காது வலிக்கும் அதுதான், கதவு கிரீச்சிட்டாலும் அதுதான். உம்மு தைசீர் தன் அண்ணன் தோட்டத்து எண்ணெயைத் தரமாட்டேன் என்று வாதாடிப் பார்த்துத் தோற்றாள். அரை கிண்ணத்தை அவர் குழாயின் கழுத்தில் ஊற்றி ஊறவிட்டார். குழாய் பளபளத்தது. ஸ்பேனரும் பளபளத்தது. அடுத்த முறை திருகியபோது ஸ்பேனர் வழுக்கி, அவர் முழங்கை சோப்புத் தட்டில் இடிக்க, தட்டு சுவரிலிருந்து பெயர்ந்து உடைந்தது. குழாய் அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜவ்தத் ஓடிவந்தார். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். ஒட்டகத்தின் தொடையெலும்பை ஒரே வெட்டில் பிளக்கிறவர்.

“தள்ளுங்கண்ணே. ஒரு குழாய்க்கு இவ்வளவு அமர்க்களமா?” என்று ஸ்பேனரை வாங்கினார். அவர் முகம் சிவந்தது, பிறகு ஊதா ஆனது. கழுத்து நரம்பு தாம்புக்கயிறு போலப் புடைத்தது. கடைசியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, இதை யாரு முடுக்கினது?”

அபூ தைசீர் தன் வலது கையை மட்டும் காட்டினார்.

“இந்தக் கையா?” ஜவ்தத் அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “வல்லாஹி, நான் எத்தனையோ கை பார்த்திருக்கேன். இப்படி ஒண்ணு பார்த்ததில்லே.”

“மாஷா அல்லாஹ் சொல்லு!” என்று அபூ தைசீர் பதறிப்போய்க் கையை அங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். “கண்ணு பட்டுரும். கசாப்புக்காரன் கண்ணு கல்லையும் பிளக்கும்.”

“மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்!”

வாசலில் நின்ற உம்மு தைசீரும் அந்தப் பைக்குள் இருந்த கையையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள், அதற்குப் பிறகு இப்போதுதான். அவர் அதைக் கவனித்தார். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஜவ்தத் குனிந்து குழாய் சுவரில் நுழையும் இடத்தை ஆராய்ந்தார். திருகு மரை ஓரமாக மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.

“அண்ணே, ரத்தம் மாதிரி இருக்கே!”

“உன் தொழில்தானே, நீயே சொல்லு.”

ஜவ்தத் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “ரத்தம் இல்லே. துரு.”

“பித்தளையில சிவப்புத் துரு வருமா?”

“இவ்வளவு பலத்தை வாங்கினா எதுக்கும் வரும்ணே.”

“துருதான் பாபா” என்றாள் பின்னாலிருந்து லமீஸ். “நான் காப்பிக்கு ஏலக்காய் தட்டப்போறேன்.”

யாருக்குக் காப்பி என்று அந்த அமளியில் யாரும் கேட்கவில்லை.

இதற்குமேல் மனித பலம் போதாது என்று முடிவாயிற்று. ஜவ்தத் கடைக்குப் போய், தோலுரித்த ஆட்டைத் தொங்கவிடும் நீளமான இரும்புக் குழலைக் கொண்டுவந்தார். அதை ஸ்பேனரின் வாலில் செருகினார்கள். குழலின் மறுமுனை குளியலறையைத் தாண்டி நடைவழி வரைக்கும் வந்தது. அதில் அபூ தைசீர் ஒருபுறமும் ஜவ்தத் மறுபுறமும் தொங்கினார்கள்.

“யா ரப்!”

ஏதோ ஒன்று திரும்பியது.

“அசையுது! அண்ணே, அசையுது!”

“அசையுது!” என்று அபூ தைசீரும் கத்தினார். கழன்றுவிட்டதே என்று ஒரு சந்தோஷம், தன் பலம் தோற்றுப்போனதே என்று ஒரு துக்கம்.

அவர் துக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அசைந்தது குழாய் இல்லை, சுவர். டைல்ஸ் குறுக்கே படீரென்று விரிந்தது. உள்ளே ஓடிய பைப் திருகிக்கொண்டு, விரிசல் வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து ஜவ்தத்தின் வாயில் அடித்தது. பித்தளைக் குழாய் மட்டும் பெயர்ந்த சுவருக்கு நடுவே அப்படியே நிமிர்ந்து நின்றது.

“கட்டைவிரல்! கட்டைவிரலை வையுங்க!” என்று கத்தினாள் உம்மு தைசீர்.

“விரிசல் முழநீளம் இருக்குடி! எனக்கு எத்தனை கட்டைவிரல்? ஜவ்தத், மாடிக்கு ஓடு! அந்த மனுஷன் அங்கேதான் இருப்பான், அவன்கிட்ட வாயைத் திறக்காதே, வால்வை மூடிட்டு வந்துடு!”

ஜவ்தத் ஓடினார். உம்மு தைசீர் தொழுகை விரிப்பு தவிர வீட்டிலிருந்த துண்டு, போர்வை எல்லாவற்றையும் தரையில் போட்டாள். அபூ தைசீர் விரிசலில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றார். தண்ணீர் அவர் அங்கியின் கழுத்து வழியாகப் போய்க் கால் வழியாக வந்தது.

“மூடியாச்சுண்ணே!” ஜவ்தத் மூச்சிரைக்க வந்தார். “ஒரு ஆச்சரியம் தெரியுமா? அவர் நாற்காலி காலியா இருக்கு. தண்ணி வர்ற நாள்ல அவரைக் காணோம்!”

“மூடினேன்னு சொல்றே, இங்கே தண்ணி நிக்கலையே!”

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டுக் குளியலறையிலிருந்து காற்றுப்போக்கி வழியாக ஒரு குரல் மேலே ஏறிவந்தது. மூன்று வருடமாக அவர் காதில் விழாத குரல்.

“தண்ணி எங்கடீ போச்சு? கண்ணெல்லாம் சோப்பு! முஹன்னத்! தண்ணி நின்னுபோச்சுடா!”

அபூ தைசீரும் ஜவ்தத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்த வால்வைடா மூடினே?”

“நீலத் தொட்டிண்ணே.”

“எங்களது வெள்ளைத் தொட்டி!”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அபூ தைசீரின் உள்ளத்தில் மல்லிகை பூத்தது. மூன்று வருடம் கழித்து அதே வெள்ளிக்கிழமை, அதே சோப்பு! இறைவனின் கணக்கை நினைத்து உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணம் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வரும் நாளில் அடுத்தவன் தண்ணீரை நிறுத்துவதைவிடப் பெரிய பாவம் அந்த மேட்டில் கிடையாது. போதாததற்கு அவன் கூரை வேறு ஊறிக்கொண்டிருக்கும்.

“நான் போறேன் பாபா” என்றாள் லமீஸ். பதற்றமே இல்லை. மாடிக்குப் போனாள். விரிசலில் தண்ணீர் நின்றது, கீழே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அவள் உடனே வரவில்லை. இரண்டு வால்வைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“பாபா, அவங்க மேல வர்றாங்க.”

“யாரு?”

“அபூ முஹன்னத் மாமா, அவங்க அண்ணன் ஹாஜி மித்கால், முஹன்னத், தெருப் பெரியவங்க ரெண்டு பேரு. எல்லாரும் கோட்டு போட்டிருக்காங்க.”

அபூ தைசீர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். “ஒரு சீலிங்குக்கு ஊர்ப் பெரியவங்களைத் திரட்டிக்கிட்டு வர்றானா? கோட்டு போட்டுக்கிட்டா? என்னை ஜபல் தாஜ் முழுக்கத் தலைகுனிய வைக்காம விடமாட்டானா?”

கதவு தட்டப்பட்டது. நம் வீட்டு வாசலுக்கு வந்தவனை வெளியே நிறுத்துவது மனுஷத்தனம் இல்லை, சத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சொட்டச் சொட்ட நனைந்த அங்கியோடு போய்க் கதவைத் திறந்தார். அபூ முஹன்னத் வாசல்படியில் ஒரு நொடி தயங்கிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். நிழலும் கூடவே வந்தது. அவர் தலையிலிருந்து புதினா மணத்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். லமீஸ் காப்பி கொண்டுவந்தாள். தட்டில் சரியாக ஆளுக்கொரு கோப்பை இருந்தது. ஹாஜி மித்கால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விரிசல் விழுந்த குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்துக்கு வெளியே கார் பட்டறை வைத்திருப்பவர். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

அபூ முஹன்னத் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. மெதுவாகத் தன் முன்னால் வைத்தார்.

அந்த ஊரில் பெரியவர்களோடு வந்தவன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், கேட்க ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கும்வரை காப்பி ஆறிக்கொண்டிருக்கும். கொடுத்துவிட்டால் மாற்றுப் பேச்சு இல்லை.

அபூ முஹன்னத் தொண்டையைக் கனைத்தார். “அபூ தைசீர், நமக்குள்ள நடந்தது நடந்து போச்சு. நாங்க இன்னைக்கு வந்தது…”

சீலிங் என்ற வார்த்தை இந்தச் சபையில் விழக்கூடாது! அபூ தைசீர் கையை உயர்த்தினார்.

“வேண்டாம், சொல்லவே வேண்டாம். காப்பியைக் குடிங்க. நீங்க எதைக் கேட்டு வந்திருந்தாலும் குடுத்தாச்சு. எவ்வளவு ஆனாலும் சரி. இந்தப் பெரியவங்க சாட்சி.”

அபூ முஹன்னத்தின் கண் கலங்கிவிட்டது. கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள்.

“வெளியே தள்ளுவீங்கன்னு நினைச்சு வந்தேன். கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்க. உங்க மனசு யாருக்கு வரும்! உங்க மக லமீஸை எங்க பையன் முஹன்னத்துக்குக் கேட்டுத்தான் வந்தோம்.”

நடைவழியில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த உம்மு தைசீரின் கை நின்றது.

“சீலிங்?” என்றார் அபூ தைசீர், ரொம்ப மெதுவாக.

“எந்த சீலிங்?”

அபூ தைசீர் கூட்டத்தைப் பார்த்தார். வாயிலிருந்து போன வாக்கு. எழுந்து, ஈரக்கால் தடம் பதிய, வாசலோரம் நின்ற மகளிடம் போனார். மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

“நான் அவசரப்பட்டுட்டேன் மகளே. உனக்கு இஷ்டமில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லு. வாக்கு போனா போகட்டும், மானமும் போகட்டும். நீ எனக்கு அதைவிடப் பெரிசு.” அவர் மனசாரத்தான் அதைச் சொன்னார்.

லமீஸுக்குக் கண் நிறைந்தது. அது மட்டும் அவள் எதிர்பாராதது. அவர் ஈரக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். “நீங்க குடுத்த வாக்கைக் காப்பாத்தறது என் கடமை பாபா.”

இப்படி ஒரு பெண்ணா! தகப்பன் உளறியதற்காகத் தன் வாழ்க்கையையே தூக்கிக் கொடுக்கிற பிள்ளை! அபூ தைசீர் அழுதுகொண்டே திரும்பி வந்து, சம்பந்தம் உறுதியானதற்கு ஃபாத்திஹா ஓதக் கையேந்தினார். முடிந்ததும் உம்மு தைசீரின் குலவைச் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மூன்று வருடப் பகையை அப்பாக்கள் இருவரும் கட்டிப்பிடித்துப் பிழிந்து எறிந்தார்கள். அபூ முஹன்னத்தின் கோட்டும் நனைந்து போயிற்று.

சந்தோஷத்தில் ஜவ்தத்துக்குக் குழாய் ஞாபகம் வந்தது. “மாப்பிள்ளை, உங்க மாமனார் முடுக்கின குழாயை வந்து பாருங்க. இப்படி ஒரு அதிசயம் பார்த்திருக்க மாட்டீங்க.”

எல்லோரும் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். முஹன்னத் பெரியப்பாவின் பட்டறையில் மெக்கானிக். இதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பையன், குழாயைப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து கைக்கு அடக்கமான காஸ் டார்ச் ஒன்றை எடுத்தான். பெண் கேட்க வரும்போதுகூடத் தொழில் கருவியைப் பிரியாத பிள்ளை என்று அபூ தைசீர் அதற்கும் வியந்தார்.

நீலச் சுடரைக் குழாயின் கழுத்தில் கொஞ்ச நேரம் காட்டினான். அணைத்தான். ஸ்பேனரை வைத்து ஒரே ஒரு திருகு. குழாய் ஜாடி மூடி போலச் சுற்றிக்கொண்டு வந்து கீழே விழுந்தது.

எல்லோருடைய கண்ணும் குழாயை விட்டு முஹன்னத்தின் கைக்குப் போனது.

“லா இலாஹ இல்லல்லாஹ்!” என்றார் ஜவ்தத்.

அபூ தைசீர் மருமகனின் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இந்தக் கை முடுக்கிச்சு. ஊருல யாராலயும் கழட்ட முடியல. இந்தக் கைதான் கழட்டிச்சு. இனி இந்தக் கல்யாணத்தை மனுஷங்களா நாம பேசி முடிச்சோம்னு சொல்ல முடியுமா? எல்லாம் மேலே இருக்கிறவன் போட்ட முடிச்சு!”

“ஆமீன்” என்றார்கள் எல்லோரும். லமீஸும் சொன்னாள்.

அதுவரை வாயே திறக்காத ஹாஜி மித்கால் குனிந்து, கீழே கிடந்த குழாயை எடுத்தார். மரையில் ஒட்டியிருந்த சிவப்பை விரலால் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“டேய் முஹன்னத், எஞ்சின் போல்ட் கழலாம இருக்கப் போடுற, சூடு காட்டினா மட்டும் இளகுற சிவப்புப் பசையைப் போன வாரம் என் பட்டறையிலிருந்து எடுத்துட்டுப் போனியே, மிச்சம் உன்கிட்ட இருக்கா, இல்லே மருமககிட்ட இருக்கா?”